நியானா, கார்டினலா, பச்சை நியானா? பார்த்து வாங்கவும் வளர்க்கவும் ஒரு கையேடு

மேலே நீலக்கோடு, கீழே சிவப்பு, கூட்டமாகத் திரியும் ஒரு அங்குல மீன். கடையில் கேட்டால் "நியான்" என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் வரும். அந்த ஒரு பெயருக்குள் மூன்று தனி இனங்கள் இருக்கின்றன: நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, பச்சை நியான். மூன்றும் தென் அமெரிக்க மீன்கள், ஒரே பேரினம். ஆனால் மூன்றுக்கும் பிடித்த வெப்பம் வேறு, தண்ணீர் வேறு. கோடையில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டி வைப்பவர் நியானை வாங்கினால் மே மாதத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டியிருக்கும். அதே அறையில் கார்டினல் தாக்குப்பிடிக்கும். அதனால் இனத்தைச் சரியாகப் பிரித்தறிவதுதான் இந்த மீன் வளர்ப்பின் முதல் வேலை.

எப்படிப் பார்க்க வேண்டும்

நிறத்தை நம்பும் முன் பார்க்கும் விதத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த மீன்களின் நீலம் சாயம் அல்ல. தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் குவானைன் படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் மினுக்கம் அது. தகடுகளின் இடைவெளி மாறினால் நிறமும் மாறும். வெளிச்சத்தில் நீலப்பச்சையாகத் தெரியும் அதே கோடு, இருட்டில் சில மணி நேரம் இருந்த மீனில் ஊதாவாகவும் மங்கலாகவும் தெரியும். மேலிருந்து குனிந்து பார்த்தால் கோடே சரியாகத் தெரியாது. ஆகவே கண்மட்டத்தில், பக்கவாட்டில், விளக்கு போட்டு அரை மணி நேரமாவது ஆன தொட்டியில் பாருங்கள். புதிதாகப் பார்சல் பிரித்து விட்ட மீனும், பாலித்தீன் பைக்குள் இருக்கும் மீனும் வெளிறித்தான் இருக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

முதலில் தேட வேண்டியது கொழுப்புத் துடுப்பு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முதுகின் மேல் சின்ன சதைத் துணுக்காக ஒட்டியிருக்கும். மூன்று இனத்துக்கும் இது உண்டு. இது இல்லாமல் நீலக்கோடு மட்டும் இருந்தால் அது டெட்ராவே அல்ல. ஏதாவதொரு ரஸ்போராவோ, ஒயிட் கிளவுட் எனப்படும் சீனத்துச் சிறுமீனின் குஞ்சோ ஆக இருக்கலாம். ஒயிட் கிளவுட் குஞ்சுப் பருவத்தில் நீலப்பச்சைக் கோட்டோடு நியானை ஏமாற்றும் அளவுக்கு மினுங்கும். ஆனால் அது குளிர்ந்த தண்ணீர் மீன்.

கொழுப்புத் துடுப்பு தெரிந்துவிட்டதா? அடுத்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நியானில் உடலின் நடுவிலிருந்து, ஏறக்குறைய முதுகுத் துடுப்புக்கு நேர் கீழேயிருந்து சிவப்பு தொடங்கி வாலடி வரை போகும். தாடையிலிருந்து நடுவயிறு வரை வெள்ளி வெள்ளைதான். கார்டினலில் செவுளை ஒட்டியே சிவப்பு தொடங்கி, உடலின் கீழ்ப்பாதி முழுக்க ஒரே பட்டையாக வாலடி வரை ஓடும். வயிற்றின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளி தெரியும். நியானையும் கார்டினலையும் பிரிக்க இந்த ஒரு அடையாளம் போதும்.

பச்சை நியானில் சிவப்பை நம்பக் கூடாது. வாலடிப் பக்கம் மங்கலாகக் கொஞ்சம் இருக்கும், சில மீனில் அதுவும் இருக்காது. இங்கே பார்க்க வேண்டியது கோட்டின் முடிவு. நியானிலும் கார்டினலிலும் நீலக்கோடு கொழுப்புத் துடுப்பை ஒட்டி முடிந்துவிடும். பச்சை நியானில் அது கொழுப்புத் துடுப்பைத் தாண்டி, வால் தொடங்கும் இடம் வரை நீளும். நிறமும் நீலத்தைவிடப் பச்சைப் பக்கம் சாயும். உடல் ஒல்லி, நன்றாக வளர்ந்தாலும் 2 முதல் 2.5 செ.மீ. தான். நியான் 3 முதல் 3.5 செ.மீ., கார்டினல் அதைவிடச் சற்றுப் பெரிதாக 4 செ.மீ. வரை வரும்.

சிக்கல் வருவது குஞ்சுகளிலும் வெளிறிய மீன்களிலும்தான். 2 செ.மீ. நியானும் வளர்ந்த பச்சை நியானும் கிட்டத்தட்ட ஒரே அளவு; கடைக்காரரே மாற்றிச் சொல்வதுண்டு. அப்போது கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் பாருங்கள், சிவப்பை மறந்துவிடுங்கள். வெளிறிய கார்டினலா நியானா என்று சந்தேகம் வந்தால் செவுளுக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். எவ்வளவு வெளிறினாலும் கார்டினலில் அங்கே இளஞ்சிவப்போ ஆரஞ்சோ ஒரு சாயல் மிஞ்சியிருக்கும். நியானில் அந்த இடம் சுத்த வெள்ளி. பத்து மீன் இருந்தால் பத்தையும் பாருங்கள். காட்டில் பிடித்த கார்டினல் சரக்கில் பச்சை நியான் கலந்து வருவது உண்டு, இரண்டும் ஒரே ஆற்றுப் படுகையில் வாழ்வதால்.

வளர்ப்பு வகைகளையும் தெரிந்து வைத்திருங்கள். "டைமண்ட் நியான்" என்று விற்பது நியானின் வகையே: முதுகில் வெள்ளிச் செதில் மின்னும், நீலக்கோடு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், பின்பாதிச் சிவப்பு மட்டும் அப்படியே இருக்கும். அல்பினோ நியான், நீளத்துடுப்பு நியான் எல்லாமும் நியானே. வளர்ப்பு முறை மாறாது, ஆனால் சாதாரண நியானைவிடச் சற்று நோஞ்சானாகவே இருக்கும். "பிளாக் நியான்" மட்டும் வேறு இனம், வேறு பேரினமும்கூட. கறுப்புப் பட்டையும் அதன் மேல் வெளிர் கோடும், கண்ணின் மேற்பாதியில் சிவப்பும் அதற்கு அடையாளம். நியானைவிடக் கெட்டியான மீன் அது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நியானின் அறிவியல் பெயர் பாராகைரோடான் இன்னசி, கார்டினல் பாராகைரோடான் ஆக்சல்ரோடி, பச்சை நியான் பாராகைரோடான் சிமுலன்ஸ். நியான் 1936இல் விவரிக்கப்பட்டது, பச்சை நியான் 1963இல். கார்டினலுக்குத்தான் கலாட்டா: 1956 பிப்ரவரியில் இரண்டு தரப்பு ஒரே மீனுக்கு இரண்டு பெயர் வைத்தன. ஒன்று 20ஆம் தேதி அச்சானது, மற்றொன்று 21ஆம் தேதி. ஒரு நாள் முந்தியது என்பதால் ஆக்சல்ரோடி என்ற பெயர் நின்றது. பிளாக் நியானின் பெயரிலும் ஆக்சல்ரோடு வருவதால் ஆன்லைனில் அறிவியல் பெயரை வைத்து ஆர்டர் செய்பவர்கள் முழுப் பெயரையும் படிக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து குட்டி போட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். நியானுக்குக் குரோமோசோம் 32, கார்டினலுக்கு 52. தொட்டியில் சேர்ந்து நீந்தும், அவ்வளவுதான்.

எந்த இனம் யாருக்கு

நியானின் ஊர் அமேசானின் மேற்பகுதி: பெரு, கொலம்பியா, பிரேசில் எல்லைகள் கூடும் பக்கத்துக் காட்டோடைகள். நிழல் விழும், ஓரளவு குளிர்ந்த தண்ணீர். 20 முதல் 26 டிகிரி அதற்கு வசதி. கார்டினல் பிரேசிலின் ரியோ நீக்ரோ, வெனிசுவேலா–கொலம்பியாவின் ஒரினோகோ படுகைகளைச் சேர்ந்தது. தேயிலை டிகாஷன் நிறத்தில், உப்பே இல்லாமல், அமிலத்தன்மையோடு, வெதுவெதுப்பாக ஓடும் தண்ணீர். 24 முதல் 29 டிகிரி அதன் இயல்பு. சில நாட்கள் 30ஐத் தாண்டினாலும் தாங்கும். பச்சை நியானும் அதே பகுதிதான், இன்னும் அமிலமான, இன்னும் ஆழம் குறைந்த ஓடைகள். வெப்பத்தில் மூன்றிலும் அதுவே கெட்டி, தண்ணீரின் தன்மையில் அதுவே கண்டிப்பு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கடைக்கு வரும் நியான் அநேகமாக எல்லாமே தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவை. அதனால் கொஞ்சம் கடினமான தண்ணீருக்கும் பழகிவிட்டன. கார்டினலில் பண்ணை மீனும் வருகிறது, ரியோ நீக்ரோவில் பார்செலோஸ் ஊரைச் சுற்றி "பியாபெய்ரோ" எனப்படும் மீனவர்கள் கைவலையில் அள்ளும் காட்டு மீனும் வருகிறது. பச்சை நியான் பெரும்பாலும் காட்டு மீன். காட்டு மீன் என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் கூடுதல் கவனம் வேண்டும், உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில், ஏ.சி. இல்லாத வீட்டில் தொட்டி வைக்கிறீர்கள் என்றால் எங்கள் பரிந்துரை கார்டினல்தான். விலை நியானைவிட அதிகம். ஆனால் கோடையில் சாகிற பத்து நியானின் விலையைக் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகிவிடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இது தலைகீழ்: அங்கே ஹீட்டர் இல்லாமல் கார்டினல் வைக்க முடியாது, நியான் நன்றாக இருக்கும், அதற்கும் பனிக்காலத்தில் 20 டிகிரிக்குக் கீழே போகாதபடி ஒரு சின்ன ஹீட்டர் வேண்டும். டிஸ்கஸ் மீனோடு சேர்க்க நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கார்டினலை எடுக்கலாம். டிஸ்கஸுக்குத் தேவையான 28–30 டிகிரியில் நியானின் ஆயுள் வேகமாகக் குறையும்.

தண்ணீர் கலக்கும் கணக்கு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. பண்ணை நியானுக்கு 250 வரை பரவாயில்லை. பண்ணைக் கார்டினலுக்கு 200க்குள் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக் கார்டினலுக்கும் பச்சை நியானுக்கும் 100ஐ ஒட்டி இருக்க வேண்டும். பிஹெச் என்னும் அமில அளவு நியானுக்கு 6 முதல் 7, கார்டினலுக்கு 5.5 முதல் 6.8, பச்சை நியானுக்கு 5 முதல் 6.5.

நம் ஊர் போர் தண்ணீர் எதற்கும் ஒத்துவராது. 800, 900 என்று காட்டும். ஆர்ஓ தண்ணீரில் கலந்துதான் தீர வேண்டும். கணக்கு எளிது: வேண்டிய டிடிஎஸ்ஸிலிருந்து ஆர்ஓவின் டிடிஎஸ்ஸைக் கழியுங்கள், போர் தண்ணீரின் டிடிஎஸ்ஸிலிருந்தும் ஆர்ஓவைக் கழியுங்கள், முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை பங்கு போர் தண்ணீர் சேர்க்கலாம் என்று தெரியும். போர் 900, ஆர்ஓ 30, வேண்டியது 120 என்றால், 90ஐ 870ஆல் வகுக்கப் பத்தில் ஒரு பங்கு வரும். 20 லிட்டர் வாளிக்கு 18 லிட்டர் ஆர்ஓ, 2 லிட்டர் போர். கலக்கிவிட்டு மீட்டரில் பாருங்கள், 117 பக்கம் காட்டும்.

வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றிவிடக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. பிஹெச்சைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட் அதில் கிட்டத்தட்ட இல்லை. தொட்டியில் சேரும் அமிலத்தில் பிஹெச் திடீரென்று சரியும். 6க்குக் கீழே போகப் போக, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். கொஞ்சம் போர் தண்ணீர் சேர்ப்பது இந்தச் சரிவைத் தடுக்கத்தான். பச்சை நியானுக்காக வேண்டுமென்றே 6க்குக் கீழே வைப்பவர்கள் மீன் எண்ணிக்கையையும் தீனியையும் குறைத்தே வைக்க வேண்டும்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். கலவையையே மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் 120 இருந்தது 200 ஆகிவிடும். மீன் ஏன் மங்குகிறது என்று மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். காரணம் அந்த வாளியில் இருக்கும். வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீதம் மாற்றும்போதுதான் கலவைத் தண்ணீர். மெட்ரோ தண்ணீர் சேர்த்தால் குளோரின் நீக்கும் மருந்து விடுங்கள்.

தொட்டி

60க்கு 30க்கு 30 செ.மீ. தொட்டி ஆரம்பத்துக்குச் சரியானது. முழுக் கொள்ளளவு 54 லிட்டர், மணலும் கல்லும் போக 45 லிட்டர் நிற்கும். அதில் 12 முதல் 15 நியான் அல்லது கார்டினல். பச்சை நியான் என்றால் 20 வரை. நான்கைந்து மீன் மட்டும் வாங்கி விடுவது வீண். கூட்டம் இல்லாமல் மூலையில் ஒடுங்கி, நிறம் காட்டாமல், தீனிக்கும் வராமல் கிடக்கும். குறைந்தது எட்டு, பத்து என்றால் நல்லது.

அடியில் கருமையான மணல் போடுங்கள். வெள்ளைக் கல்லின் மேல் இந்த மீன் எப்போதும் வெளிறித்தான் தெரியும். எந்தக் கல்லையும் போடும் முன் அதன் மேல் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கிளிஞ்சல், பவளத்துண்டு, சில வகை அலங்காரக் கற்கள் எல்லாம் இப்படித்தான். நீங்கள் ஆர்ஓ கலந்து குறைத்த உப்பை அவை கரைந்து கரைந்து திரும்ப ஏற்றிவிடும்.

பாதாம் இலை நம் தெருவிலேயே கிடைக்கும் வரப்பிரசாதம். மரத்திலிருந்து தானாக உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த இலையை எடுங்கள். பூச்சிமருந்து அடிக்காத இடமாக, சாலைப் புகை அதிகம் படாத இடமாக இருக்கட்டும். நன்றாகக் கழுவி, 40 லிட்டருக்கு ஒரு இலை வீதம் போடுங்கள். தண்ணீர் லேசான டீ நிறமாகும், வெளிச்சம் மட்டுப்படும், மீன் தைரியமாக நடுத்தொட்டிக்கு வரும். மூன்று நான்கு வாரத்தில் இலை நரம்பாகிவிடும், எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். இலை போட்டால் பிஹெச் தானாக இறங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீரில் பத்து இலை போட்டாலும் பெரிதாக மாறாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், வேகமான ஓட்டம் வேண்டாம். மிதக்கும் செடி கொஞ்சம் போட்டு விளக்கை மட்டுப்படுத்துங்கள். புதுத் தொட்டியில் முதல் மீனாக இதை விடுவதைப்போல் தப்பு வேறில்லை. ஃபில்டரில் பாக்டீரியா ஊற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே வாங்கப் போங்கள். நைட்ரேட் 20க்குள் இருக்கட்டும்.

கோடைக்கு: தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் பலன் அதைவிடக் குறைவு. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்: மதியம் 27க்கு இறக்கி, மாலை மறுபடி 32க்கு ஏறினால் அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும். 31இல் நிலையாக நிற்பது அதைவிட மேல்.

துணை மீனாகக் கோரிடோராஸ், ஆட்டோசிங்க்லஸ், சின்ன ரஸ்போரா ஒத்துப்போகும். வளர்ந்த ஏஞ்சல் மீன் நியானை விழுங்கும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். கப்பி சண்டை போடாது, ஆனால் அதற்குக் கடினத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஏதோ ஒன்று நலிந்துகொண்டே இருக்கும்.

கடையில் நிற்கும்போது

சென்னை கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தையில் வாங்குபவர்கள் சரக்கு எப்போது இறங்கியது என்று முதலில் கேளுங்கள். இறங்கி ஒரு வாரமாவது ஆன மீனே வாங்கத் தகுந்தது. பயணக் களைப்பில் சாக வேண்டியவை அதற்குள் செத்திருக்கும். தொட்டியில் செத்த மீன் ஒன்றிரண்டு கிடந்தால் அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும் மீன், வயிறு ஒட்டிய மீன், நீலக்கோட்டில் நடுவே திட்டாக நிறம் விட்டுப்போன மீன், முதுகு வளைந்த மீன் இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடிவந்து எடுக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். கடைத் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் அந்த எண் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்ததும் பையை 15–20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு மீனைப் பையின் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விடுங்கள். வாளித் தண்ணீர் மூன்று மடங்கு ஆனதும் வலையில் எடுத்து விடலாம். கடைக்கும் வீட்டுக்கும் டிடிஎஸ் 300க்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரே நாளில் இறக்காதீர்கள். புது மீனைப் பிரித்து வைக்கும் தனித்தொட்டியைக் கடைத் தண்ணீரின் அளவிலேயே தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

கூரியரில் ஒரு நாளுக்கு மேல் பயணித்து வந்த பைக்கு மட்டும் சொட்டு முறை வேண்டாம். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு பிஹெச்சைக் குறைத்து, அம்மோனியாவை விஷம் குறைந்த வடிவில் வைத்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். வெப்பம் சமமானதும் பையைத் திறந்து உடனே எடுத்து விடுவதே பாதுகாப்பு. அதற்கு, அனுப்புபவரின் தண்ணீர் டிடிஎஸ்ஸை முன்பே கேட்டு, தனித்தொட்டியை அதற்கேற்ப வைத்திருக்க வேண்டும். எந்த முறையானாலும் பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முதல் மூன்று வாரம் 15–20 லிட்டர் தனித்தொட்டியில் இருக்கட்டும்.

தீனி

வாய் மிகச் சிறியது. ஃபிளேக்கை விரலால் தூளாக்கிப் போடுங்கள், அல்லது அரை மில்லிமீட்டர் குருணை. நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. வாரத்தில் மூன்று நாளாவது ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சோ, டாப்னியா எனப்படும் தண்ணீர்த் தெள்ளோ, சின்னக் கொசுப்புழுவோ கொடுத்தால் சிவப்பு நன்றாக ஏறும். சாக்கடையோரம் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கூட்டிவரும். காட்டுக் கார்டினல் முதல் வாரம் காய்ந்த தீனியைத் தொடாமலும் போகலாம். ஆர்ட்டீமியாவில் தொடங்கிப் பழக்குங்கள்.

எது நோய், எது நோயில்லை

இரவில் விளக்கணைத்துச் சில மணி கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லா மீனும் வெளிறி நிற்கும். அது தூக்க நிறம், விளக்கு போட்ட அரை மணியில் திரும்பும்.

நியான் நோய் என்று பெயர்பெற்றது வேறு. பிளீஸ்டோஃபோரா என்ற நுண்ணொட்டுண்ணி தசைக்குள் புகுந்து பெருகுவதால் வருவது. தோலின் மேல் அல்ல, உள்ளிருந்து சதை வெளுப்பதுபோல் திட்டு தெரியும். கோடு அங்கங்கே அறுந்தாற்போல் இருக்கும். மீன் தனியே நிற்கும், இரவில் அமைதியில்லாமல் அலையும், வாரக்கணக்கில் மெலியும், முதுகு வளையும். நம்பத்தகுந்த மருந்து கிடையாது. செத்த மீனை மற்றவை கொத்தித் தின்னும்போது வித்துகள் பரவும். எனவே சந்தேகம் வந்த மீனை அன்றே பிரியுங்கள், செத்ததை ஒரு மணி நேரம்கூடத் தொட்டியில் விடாதீர்கள். கார்டினலுக்கும் வரும், நியானைவிடக் குறைவு.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். வாயோரத்திலும் முதுகிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மை, தோலின் மேலே. வேகம்தான் பெரிய வித்தியாசம்: இது இரண்டு மூன்று நாளில் கூட்டத்தையே முடித்துவிடும், வெப்பம் கூடினால் இன்னும் வேகம். இதற்கு மருந்து உண்டு, ஆன்டிபயாடிக் வேண்டும், முதல் நாளே தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் இழுத்தால் நியான் நோய், நாள்கணக்கில் முடிந்தால் காலம்னாரிஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் இனம் தெரிந்திருப்பது மறுபடி உதவும். கார்டினல் தொட்டியை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றைக் கூட்டி வைக்கலாம். நியானில் 28க்கு மேல் ஏற்றாதீர்கள், மருந்தை நம்புங்கள். மாலகைட் கிரீன் கலந்த மருந்து எதுவானாலும் டெட்ராக்களுக்குப் பாட்டிலில் எழுதியதில் பாதி அளவு. செம்பு கலந்த மருந்து இந்த மென்மையான தண்ணீரில் கடும் விஷம், தொடாதீர்கள்.

இணை சேர்க்க

பெண் மீனின் வயிறு உருண்டிருக்கும்; அதனால் நியானில் நீலக்கோடு நடுவே வளைந்தாற்போல் தெரியும். ஆணில் கோடு நேர். மேலிருந்து பார்த்தால் அகலம் இன்னும் தெளிவாகத் தெரியும். கார்டினல் ஆணின் குதத் துடுப்பில் நுண்ணிய கொக்கி உண்டு. வலையில் சிக்கிக்கொள்ளும், இழுக்காமல் வலையோடு தண்ணீரில் கவிழ்த்து விடுங்கள்.

10–15 லிட்டர் வெறும் தொட்டி, அடியில் மணல் வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் டிடிஎஸ் 30 முதல் 50, பாதாம் இலைச் சாறு விட்டு பிஹெச் 5.5 முதல் 6. நியானுக்கு 24 டிகிரி, கார்டினலுக்கு 27. நன்றாக அலசிய ஜாவா மாஸ் பாசி ஒரு கைப்பிடி. ஆணையும் பெண்ணையும் ஒரு வாரம் பிரித்து உயிர்த்தீனி கொடுத்து, மாலையில் சேர்த்து விட்டு, தொட்டியைத் துணியால் மூடுங்கள். நியான் பெரும்பாலும் விடியலில் முட்டையிடும், 60 முதல் 130 வரை. கார்டினல் மாலை மங்கலில் இடும், எண்ணிக்கையும் கூடுதல். மூன்று நாளில் இடவில்லை என்றால் பிரித்துத் தீனி கொடுத்து மறுபடி விடுங்கள். இட்டதும் பெற்றோரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்று விடாமல் தின்றுவிடும்.

முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. நான்கு பக்கமும் கறுப்புத் துணி அல்லது அட்டை சுற்றுங்கள். ஒரு நாளில் பொரியும், மூன்று நான்கு நாள் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும், பிறகு நீந்தத் தொடங்கும். முட்டை மொத்தமாக வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்தால் பெரும்பாலும் தண்ணீரில் உப்பு அதிகம். டிடிஎஸ்ஸை 30க்கு இறக்கிப் பாருங்கள். பாதி மட்டும் வெள்ளையானால் ஆண் சரியில்லை, வேறு ஆணை மாற்றுங்கள். நீந்தும் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் இன்ஃபுசோரியா எனப்படும் நீர் நுண்ணுயிர்கள் மட்டும்தான் வாயில் நுழையும். முட்டையிட்ட அன்றே அதை ஊறப்போட்டால்தான் சமயத்துக்குக் கிடைக்கும். பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு. வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் தின்கிறது என்று அர்த்தம். துணியை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு வாரத்தில் ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் நீலக்கோடு தெரியத் தொடங்கும். அதன் பிறகு சொட்டுச் சொட்டாகப் பெரிய தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, டிடிஎஸ்ஸை 120க்குக் கொண்டுவாருங்கள்.